யாரும் எதுவும் கேட்காத வீடு

கண்ணு,

யாரும் எதையும் கேட்காத ஒரு வீட்டில் நீ எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய். எல்லாவற்றையும் கேட்ட என்னிடம் எதையும் சொன்னதில்லை. இது எப்படி நடந்தது? நான் மருந்து நிறுவனத்தில் புள்ளியியல் பார்க்கிறவள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்தக் கேள்வியைப் பல மாதங்களாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பதில் தெரியவில்லை. தெரியாது என்று எழுதிவிட்டே தொடங்குகிறேன்.

நாளை மதியம் நியூவார்க்கில் இருக்கும் அந்த வீட்டுக்கு அப்பாவையும் என்னையும் வரச் சொல்லியிருக்கிறாய். நீ விரும்புகிற நயோமி அங்கே தங்கியிருக்கும் காலம் நாளையோடு முடிகிறது. அறைச் சாவியைப் புதிதாக வருகிறவரிடம் கொடுத்துவிட்டு அவளும் நீயும் ஹூஸ்டனுக்குக் கிளம்புகிறீர்கள். நீ கூப்பிட்டபோது நான் "பார்க்கலாம்" என்றேன். நீ போனில், "ஓகே அம்மா. யுவர் சாய்ஸ்" என்றாய். வந்தால் மறுபடி ஏதாவது கேட்டுவிடுவேனோ என்று உனக்குப் பயம். வராவிட்டால் இனி எதற்கும் என்னைக் கூப்பிடமாட்டாய் என்று எனக்குப் பயம். நம் இருவருக்கும் நடுவில் இப்போது மிச்சம் இருப்பது இந்த ஓர் அழைப்புதான்.

இதை நீ படிக்கப்போவதில்லை. சனிக்கிழமைகளில் சாக்கர் வந்ததும் தமிழ்ப் பள்ளியை விட்டுவிட்டாய். கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பாய், அவ்வளவுதான். அதனால்தான் ஊரே படிக்கும்படி இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன். உன்னைத் தவிர யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

எனக்குப் பொறாமை. கவலை என்றும் அக்கறை என்றும் உன் எதிர்காலம் என்றும் அப்பாவிடம் வேறு பெயர்கள் சொல்லிப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. எழுபதைத் தாண்டிய, முழங்கால் வலியோடு நடக்கிற, எனக்கு ஒரு கெடுதலும் நினைக்காத ஒரு பெண்மணிமேல் எனக்குப் பொறாமை. அவருடைய வீட்டின்மேல், அந்த வீட்டின் சாப்பாட்டு மேசைமேல், அதைச் சுற்றிக் கிடக்கிற, ஒன்றோடொன்று பொருந்தாத நாற்காலிகள்மேல்.

மிஸ் லொரெட்டா என்று நீங்கள் எல்லோரும் கூப்பிடுகிற அவர் ஒரு சிற்பி. அந்தப் பழைய செங்கல் வீட்டைக் கறுப்பினக் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்வதற்காக இருபது வருடத்துக்கும் மேலாக நடத்துகிறார். ஒரே சமயத்தில் நான்கு பேர். ஆளுக்கு ஓர் அறை, வேலைக்கு ஓர் இடம், வாடகை கிடையாது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருக்கலாம். இதைச் செய்து முடித்தேன் என்று யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. சில வழக்கங்கள் மட்டும் உண்டு, எங்கும் எழுதிவைக்காதவை. மேசையில் யாரும் யாரையும் "என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று கேட்கக்கூடாது. சொல்லத் தோன்றினால் அவர்களே சொல்வார்கள். அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும். போகிறவர் தன் படைப்பு ஒன்றை மாடிப்படிச் சுவரில் விட்டுவிட்டுப் போவார், அதை விற்கக்கூடாது. போகிற அன்று, வருகிறவருக்கு முதல் சாப்பாட்டைத் தன் கையால் சமைத்துப் பரிமாறுவார். அன்றைக்குச் சமையலறையில் வேறு யாரும் கை வைக்கக்கூடாது, யோசனையும் சொல்லக்கூடாது. இப்படி ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்கு என்று அந்தச் சாப்பாடு இத்தனை வருடமாக அறுபடாமல் வந்துகொண்டிருக்கிறது.

நீ அங்கே போனது வேலையாக. சமையலறைத் தரை சரிகிறது என்று, பழைய கட்டடங்களைப் பார்த்துச் சரிசெய்கிற உன் நிறுவனத்தை அழைத்திருந்தார்கள். நீ கீழே நிலவறையில் டார்ச் அடித்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேலே அதே தரையில் நயோமி காகிதத்தை விரித்து மெழுகுக் கட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடிக்கப்போகிற, பிரிக்கப்போகிற தரைகளை அப்படித் தேய்த்து எடுப்பதுதான் அவள் கலை. மரத்தின் வரி, ஆணித்தலை, மேசைக்கால் அழுந்திய பள்ளம், எல்லாம் காகிதத்தில் ஏறி வரும். முதன்முதலில் இதைக் கேட்டபோது அப்பா, "ஃப்ளோரை ஜெராக்ஸ் எடுக்கிற பொண்ணா?" என்றார். நானும் சிரித்தேன். அன்று மதியம் மிஸ் லொரெட்டா உன்னைச் சாப்பிட உட்காரச் சொன்னார். எந்த ஊர், எங்கே படித்தாய், அப்பா என்ன செய்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஒரு வேலையும் இல்லாமலே அங்கே போனாய். பிறகு ஒவ்வொரு வாரமும். இதெல்லாம் நயோமி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீ சின்னவனாக இருந்தபோது, பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆஃப்டர்கேரிலிருந்து வந்து காரில் ஏறியதும் நான் ஆரம்பிப்பேன். சாப்பிட்டயா, டப்பாவை முழுசா முடிச்சயா, டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா, யார் பக்கத்துல உட்கார்ந்தே. நீ ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு "நத்திங்" என்பாய். எல்லாக் கேள்விக்கும் பொருந்துகிற ஒரே பதில். நான் வளர்ந்த பொள்ளாச்சி வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்ததில்லை. கேட்டார்கள். நானும் கேட்டேன். எனக்குத் தெரிந்த அன்பு கேள்விக்குறியோடுதான் முடியும். நீ ஒன்பதாம் வகுப்பில் ரோபாட்டிக்ஸை விட்டதை எடிசனில், ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடையில் பில் போட நிற்கும்போது, சுமதி ஆன்ட்டி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "என்னங்க, உங்க பையன் விட்டுட்டானாமே? எங்க வர்ஷா சொன்னா. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். கையில் முருங்கைக்காய்க் கட்டோடு, "தெரியுமே" என்றேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டேன். "இட்ஸ் நாட் எ பிக் டீல், அம்மா." அன்றிலிருந்து உன்னைப் பற்றிய எந்தச் செய்தியிலும் நான் கடைசி ஆள்.

அரிசிம்பருப்பு விஷயமும் அப்படித்தான். அரிசியும் துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் ஒரே குக்கரில் போடுகிற சாப்பாடு. கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் வேலை மிகுந்த நாளில் செய்வது. நான் அதைச் செய்த நாட்களில் எல்லாம் நீ கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியைத் தேடிப் போவாய். போன குளிர்காலத்தில் நயோமி எனக்கு ஒரு படம் அனுப்பினாள். இரும்புப் பானை நிறைய மஞ்சளாக அரிசிம்பருப்பு, பக்கத்தில் கரண்டியோடு நீ. கீழே, "ஆன்ட்டி, எங்கள் வியாழக்கிழமை!" என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு வியாழனும் நீ அங்கே அதைச் சமைக்கிறாயாம். என்னிடம் ஒரு நாள்கூட எப்படிச் செய்வது என்று கேட்டதில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீர் கொஞ்சம் அதிகம். மற்றபடி சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததுதான் என்னை உறுத்தியது.

மூன்று வாரத்துக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அங்கே அழைத்துப் போனாய். நான் ஒரு டப்பா முறுக்கும் ஒரு டப்பா மைசூர்பாகும் எடுத்துக்கொண்டேன். மிஸ் லொரெட்டா கதவைத் திறந்து "வா, பேபி" என்று உன்னை அணைத்துக்கொண்டார். நீ அவ்வளவு உயரம், குனிந்து அவர் தோளில் முகம் வைத்தாய். நான் டப்பாக்களைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பார்சல் கொடுக்க வந்தவரையும் அவர் "பேபி" என்றே கூப்பிட்டார். எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

மேலே போய் நயோமியின் படத்தைப் பார்த்தோம். கூரைக்கு அடியில், கடைசிப் படிக்கு மேலே, தனக்கென்று கிடைத்த இடத்தில் மாட்டியிருந்தாள். பழைய சமையலறைத் தரை. பலகைகளைப் பிரிப்பதற்கு முந்தின நாள் மறுபடி தேய்த்து எடுத்தது. மேசையின் நான்கு கால் பள்ளங்களும் நாற்காலிகள் இழுத்த கீறல்களும் தெரிந்தன. ஓரத்தில் நான்கைந்து பெருக்கல் குறிகள். "அது இவன் உளியால் போட்ட குறி, ஆன்ட்டி. எங்கே வெட்டணும்னு" என்றாள். நான் அங்கிருந்து சீக்கிரம் இறங்கிவிட்டேன். மான்மவுத் ஜங்ஷனில் நம் வீட்டில் சுவரிலிருந்து சுவர்வரை கார்ப்பெட். அங்கே வளர்ந்த உன் கால் தடம் ஒன்றுகூட இல்லை, ஞாயிறுதோறும் வாக்யூம் போட்டு நானே எடுத்துவிட்டேன். ஒரு வருடம் வந்துபோன வீட்டில் உன் குறி சுவரில் மாட்டியிருக்கிறது.

சாப்பிட உட்கார்ந்ததும் நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். வழக்கத்தை நீ எனக்கு முன்பே சொல்லியிருந்தாய், இல்லை என்று சொல்லமாட்டேன். எதிரே மார்கஸ் என்ற இளைஞன், விரல் இடுக்கில் பெயின்ட். என்ன படித்தாய், இங்கே இன்ஷூரன்ஸ் உண்டா, இது முடிந்ததும் என்ன செய்வாய் என்று வரிசையாகக் கேட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், என் அம்மாவும் இதையேதான் கேட்கிறாங்க. நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசி வச்சுக்கிட்டீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன், ஆனால் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. அதோடு நின்றிருந்தால் நல்ல மதியமாகப் போயிருக்கும்.

மிஸ் லொரெட்டா ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "வேலையை விட்டதிலிருந்து இவன் என் மாடிப்படியில் ஒரு பலகையையும் விட்டுவைக்கவில்லை, எல்லாவற்றையும் சரி பண்ணிவிட்டான்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். நீ வேலையை விட்டது எனக்குத் தெரியாது. முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற அதே இடத்துக்கு மறுபடி வந்துவிட்டேன். அங்கிருந்துதான் அந்தக் கேள்வி வந்தது. நியாயமான சந்தேகம்போல அதை மிகவும் மரியாதையாகக் கேட்டேன். "மிஸ் லொரெட்டா, கலைஞர்கள் எல்லோருக்குமே கஷ்டம்தானே? இவர்களுக்கு மட்டும் என்று ஏன் வைத்திருக்கிறீர்கள்? திறமையைப் பார்த்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமே?"

வாசல் தாண்டி வந்த பிறகு என்னிடம் ஆங்கிலத்திலேயே பேசி வந்த நீ, அங்கே தமிழில் பேசினாய். "அம்மா, போதும்." அவர்களுக்குப் புரியக்கூடாது என்று. அவர்களுக்கு நன்றாகவே புரிந்தது.

"மேசையில் கேட்கிற கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை" என்றார் மிஸ் லொரெட்டா. குரலில் கோபம் இல்லை. "பீச் பழம் போட்டு ஒரு இனிப்பு செய்திருக்கிறேன். கொஞ்சம் வைக்கட்டுமா?"

எனக்கு முகம் எரிந்தது. இந்த மாதிரி நேரத்தில் நம் பெண்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தேன். எழுந்து தட்டுகளை எடுக்க ஆரம்பித்தேன். மார்கஸ் தட்டு, நயோமி தட்டு, உன் தட்டு. "ஆன்ட்டி, நோ, ப்ளீஸ்" என்று நயோமி சொன்னதை உபசாரம் என்று நினைத்தேன். மிஸ் லொரெட்டாவின் தட்டில் கை வைத்தேன். அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். நான் இழுத்தேன், அவர் விடவில்லை. வயதான பெண்கள் இரண்டு பேர், ஓர் எச்சில் தட்டின் இரு பக்கத்திலும். "என் தட்டை விடுங்கள்" என்று மிக மெதுவாகச் சொன்னார். விட்டேன்.

கார் இரண்டு தெரு தள்ளி நின்றது. நீ வரவில்லை. நயோமிதான் கூட நடந்து வந்தாள். அவள்தான் சொன்னாள். மிஸ் லொரெட்டா இளம் வயதில், மலைப்பக்கம் பேர்பெற்ற ஓர் இடத்தில் கலைஞராகத் தங்கி வேலை செய்யத் தேர்வாகிப் போனாராம். முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு. புது உடுப்பு போட்டுக்கொண்டு வந்து மேசையோரம் நின்றிருக்கிறார், எங்கே உட்காருவது என்று தெரியாமல். அவரைப்போலவே அங்கே தங்க வந்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கலைஞர், பேச்சை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் எச்சில் தட்டை அவரிடம் நீட்டினாராம். "என்ன செய்தார்?" என்று கேட்டேன். "வாங்கிக்கொண்டார். சமையலறைக்குக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு, மறுநாள் பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் யார் தட்டையும் தொட்டதில்லை, அவர் தட்டை யாரும் தொட்டதில்லை. நீங்க கேட்டதுக்கு அதுதான் பதில்னு நினைக்கிறேன், ஆன்ட்டி." அதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவ்வளவு பெருந்தன்மை எனக்கு அன்று பிடிக்கவில்லை.

டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். "ஏம்மா, எச்சத்தட்டை எடுத்தா நம்ம ஊர்ல நல்ல பொம்பளைன்னுதான சொல்லுவாங்க?" நம் ஊரில் எச்சில் தட்டை யார் எடுப்பார்கள்? பெற்றவள் எடுப்பாள். கட்டியவள் எடுப்பாள். இல்லாவிட்டால் கூலிக்கு வந்தவள் எடுப்பாள். நான்காவதாக ஒருத்தி கிடையாது. அந்த மேசையில் நான் எந்த உரிமையில் கை நீட்டினேன்? அவர் என்னை யார் என்று நினைத்துக்கொண்டிருப்பார்?

அதைவிட ஒன்று இருக்கிறது. இது அப்பாவுக்குத் தெரியாது. என் அலுவலகக் கூட்டங்களில், அறையில் நான் மட்டும் பெண்ணாக, நான் மட்டும் நம் நிறமாக இருந்த வருடங்களில், யாரோ ஒருவர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் குறிப்பு எடுத்துக்கொள்கிறீர்களா?" என்பார். ஆய்வை வடிவமைத்தவள் நான். குறிப்பு எடுத்தேன். நன்றாகவும் எடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் அதை ஒரு தற்செயல் என்று ஒதுக்கிவைத்தேன். தற்செயல் எத்தனை முறை நடந்தால் தற்செயல் இல்லை என்று மற்றவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறவள், எனக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அவருக்கு நேர்ந்ததும் எனக்கு நேர்ந்ததும் ஒன்றல்ல. அவருடையதற்குப் பின்னால் என்ன வரலாறு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் அந்த ஒரு தட்டை வைத்து ஒரு வீட்டை எழுப்பினார். அந்த வீட்டில் எவருக்கும் அது நேராதபடி ஒவ்வொரு வழக்கத்தையும் அமைத்தார். அங்கிருந்து போனவர்கள் இப்போது வேறு ஊர்களில் அதையே தொடங்குகிறார்கள். நான் என்னுடையதை வைத்து என்ன செய்தேன்? திறமை இருந்தால் போதும் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். அவர் மகனைப்போல உன்னை வைத்துக்கொண்டிருப்பதுகூட எனக்குப் பரவாயில்லை, கண்ணு. இந்தப் பொறாமைதான் தாங்க முடியவில்லை.

நான் எடிசனுக்கு வந்து இறங்கிய முதல் நாள், அப்பார்ட்மென்ட்டில் அடுப்பும் ஒரு பாலிதீன் பை அரிசியும் இருந்தன. அப்பா மறுநாளே ரயிலேறி மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவள் யாரோ. அவளும் நம் ஊர்க்காரிதான். அலமாரியில் மஞ்சள்தூள் கறை இருந்தது. எனக்கென்று ஒரு வாய் சோறு வைத்துவிட்டுப் போக அவளுக்குத் தோன்றவில்லை. மூன்று வருடம் கழித்து நாங்கள் காலி செய்தபோது எனக்கும் தோன்றவில்லை.

இனி நீ போகிற வீட்டைப் பற்றி. நயோமியின் அத்தை விட்டுப்போன வீடு, மூன்று அறை. அங்கேயும் இதேபோல் கலைஞர்களைத் தங்கவைக்கப் போகிறீர்கள் என்கிறாள். நான் சந்தேகப் பிராணி, பாதி விஷயங்களை நம்பவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்கப்படாத அறிவுரைதான். அது உன் வீடு இல்லை. அவளுடையது, அங்கே வரப்போகிறவர்களுடையது. நீ தரையைச் சரி பண்ணு, கூரையைப் பார், வியாழக்கிழமை சமை. யாராவது வந்து உன்னிடம் இதை ஏன் இவர்களுக்கு மட்டும் என்று கேட்டால், நீ விளக்கம் சொல்ல முந்தாதே. அவளிடம் விடு. கேட்டது என்னைப்போல ஒருத்தியாக இருந்தால் அவளை உட்காரவைத்து ஏதாவது இனிப்பு கொடு. புது வேலை கிடைக்கும்வரை கையில் இருப்பதை எப்படி வைத்துக்கொள்வது என்று எழுத நினைத்தேன். வேண்டாம். கேள்வியாகத்தான் முடியும்.

நாளை வருவேனா என்று இதை எழுதும்போதும் எனக்குத் தெரியாது. வந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வராவிட்டால் உன் முகத்தை இனி எப்போது பார்ப்பேனோ.

*

மறுநாள் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போனோம். புறப்படும்போது அப்பா, "ஏம்மா, ஒரு சீப்பு வாழைப்பழமாவது எடுத்துக்கலாமா? கையை வீசிட்டுப் போறது நல்லாவா இருக்கும்?" என்றார். வெளிச் சாப்பாடு எதுவும் வரக்கூடாத நாள் என்று சொன்னேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன். கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, ஹேண்ட்பேக்கைப் பிடித்துக்கொண்டேன். மிஸ் லொரெட்டா வாசலில் எங்களுக்குத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

நயோமி சமைத்தது அரிசிம்பருப்பு. நான் சமையலறையில் சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பூண்டை வெங்காயத்துக்குப் பிறகு போட்டாள். சீரகத்தைக் கருகவிட்டாள். தண்ணீர் ஊற்றும்போது ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அப்பா என் முழங்கையை இடித்து, "பரவாயில்லையே, நீ!" என்று கிசுகிசுத்தார்.

புதிதாக வந்தவர் வெர்னா. என் வயது இருக்கும். அலபாமாவிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அப்பா, "ட்ராஃபிக் எப்படி?" என்று கேட்டுவிட்டுப் பயந்துபோய் உன்னைப் பார்த்தார். அதைக் கேட்கலாம் என்று நீ சொன்னாய். நயோமி முதல் தட்டை வெர்னா முன்னால் வைத்தாள். அவர் உடனே எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார். "உட்கார், பேபி" என்றார் மிஸ் லொரெட்டா. உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். உப்பு குறைவாக இருந்தது. நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். வெர்னா என்ன கலை செய்கிறவர் என்று இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

எல்லோரும் அவரவர் தட்டோடு எழுந்தார்கள். நானும் என்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன். மிஸ் லொரெட்டா மேசையில் கை ஊன்றி எழப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. இன்னொரு முறை பார்த்தார். நீயும் நயோமியும் மார்கஸும் நின்ற இடத்தில் நின்றீர்கள், யாரும் கை நீட்டவில்லை. அவர் மெதுவாக உட்கார்ந்து, தன் தட்டை எடுத்து, மேசைக்குக் குறுக்கே என் பக்கம் நீட்டினார். என் முகத்தைப் பார்த்தே நீட்டினார். "இதைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறாயா, பேபி?"

அது மன்னிப்பா, சோதனையா, வெறும் முழங்கால் வலியா என்று தெரியாது. வாங்கிக்கொண்டேன். மார்கஸ் வாயைத் திறந்து மூடினான்.

தொட்டியில் நான் கழுவ, நீ பக்கத்தில் துணியோடு வந்து நின்றாய். நீ என்னைப் பார்க்காமல், ஈரத் தட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றுகொண்டு, தமிழில் சொன்னாய்: "அம்மா, ஹூஸ்டன் வீட்ல கிச்சன் ஃப்ளோர் முழுசா போயிடுச்சு. ஃபவுண்டேஷனும் சரியில்ல. நயோமிகிட்ட இன்னும் சொல்லல. எனக்குப் பயமா இருக்கு."

இதை மிஸ் லொரெட்டாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாயா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அவருடைய தட்டை உன்னிடம் நீட்டினேன். நீ துடைத்து அலமாரியில் வைத்தாய். பிறகு மீதியையும் சொன்னாய்.